மில் நிற்கும் நேரம்

பதினொரு மணிக்கு, கீழே மாவு மில்லின் பெல்ட் சத்தம் அடங்கியது.

அனுசுயா லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இன்று வரப்போவது நிஜமான அழைப்பு.

பழனிசெட்டிபட்டியில் மில்லுக்கு மேலே இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், "ஏதாவது ஃபேக்டரிக்குள்ள இருந்து பேசுறீங்களா?" என்று மீட்டிங்கில் பெங்களூர் மேனேஜர் கேட்டுவிட்டார். அவள் கூனிக்குறுகிக் கீழே போய் மில்காரி மொக்கம்மாளிடம் சொன்னாள். மறுநாளிலிருந்து மீட்டிங் நேரத்தில் மில் நின்றது, யார் மிளகாய் வத்தல் டப்பாவோடு வந்து நின்றாலும் சரி.

போன மாதம் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. கிளவுடுக்கு மாற்ற வேண்டிய டேட்டாவையெல்லாம் மாற்றியாயிற்று, இனி ஆள் தேவையில்லை என்று மெயில் வந்தது. நன்றாக வேலை செய்ததாலேயே வேலை சீக்கிரம் தீர்ந்துபோயிற்று. அதை நினைத்து அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அன்றைக்கே கணவனிடம் சொல்லியிருக்கலாம். போடியிலுள்ள ஏலக்காய்க் கடையிலிருந்து திரும்பிய விஜயகுமார், "எங்க வீட்ல கிளவுடு இன்ஜினியருல்ல" என்று யாரிடமோ போனில் பீற்றிக்கொண்டே படியேறினான். வாய்வரை வந்தது உள்ளே போய்விட்டது.

சொல்லாமல் கழிந்த ஒவ்வொரு நாளும் அடுத்த நாளைக் கனமாக்கியது.

கீழே மில் மட்டும் பழையபடி அவளுக்காக நின்றுகொண்டிருந்தது. அந்த அமைதிதான் அவளை அதிகம் குத்தியது. 'இனி நிறுத்த வேண்டாம் அத்தை' என்று சொல்லிவிடலாம். ஏன் என்று கேட்டால்?

அத்தனை பேரைக் காக்க வைத்துக் கிடைக்கும் அமைதியை வீணாக்கவும் மனம் வரவில்லை. அதனால் படித்தாள். மறந்ததை, தெரியாததை, தெரிந்ததாக நினைத்திருந்ததை.

திரையில் புதுக் கம்பெனியின் இன்டர்வியூ எடுப்பவர் முகம் வந்தது. பாதியில் அறுந்த டேட்டா ஏற்றும் வேலையை மறுபடி ஓடவிட்டால், ஒரே டேட்டா இரண்டு முறை ஏறாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டார் அவர்.

கீழே மில் நின்ற அமைதியில் படித்ததுதான். அவள் பேசினாள். பேசப் பேசக் குரல் தன்னால் உயர்ந்தது. தன் குரலைத் தானே கேட்டு எத்தனை நாளாயிற்று!

"ஆறு மாசத்துக்கு கான்ட்ராக்ட். திங்கட்கிழமை சேந்துக்கிறீங்களா?"

அவள் படியிறங்கி ஓடினாள். இரவு கணவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். முதலில், மில்லை ஓட்டச் சொல்ல வேண்டும்.

டப்பாக்கள் வரிசையில் நின்றன. முன்னால் உட்கார்ந்திருந்த ஒச்சாண்டி அவளைப் பார்த்ததும் எழுந்தார். "கலெக்டரம்மா பேசி முடிச்சுட்டாகளா? இங்கன என் வத்தல் மறுபடி மொளச்சிரும்போல."

"சும்மா இருங்கண்ணே" என்ற மொக்கம்மாள், கையிலிருந்த மாவை முந்தானையில் துடைத்துக்கொண்டு அனுசுயாவின் அருகே வந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு மாசமா மேல இருந்து பேச்சு மூச்சே இல்ல. இன்னைக்குத்தான் ஆத்தா ஒன் கொரல் கேட்டுச்சு."

அனுசுயா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மொக்கம்மாள் போய் மில் சுவிட்சைப் போட்டுவிட்டாள்.