தாய்மாமன் பெயருக்கு ஒரு வால்

பாப்பாரப்பட்டி அச்சகத்தின் கணினித் திரையில், கையால் எழுதியதுபோலச் சுழித்துச் சுழித்து எழுகிறது 'சுகுணா'. தாலி ஏறவில்லை, அதற்குள் கடைசி எழுத்தின் வால் மட்டும் ஓடிப்போய் மாப்பிள்ளை பெயரைத் தொட்டுவிட்டது. திரை முன்னால் உட்கார்ந்திருக்கும் கல்யாணப்பெண்ணுக்கு ஒரே ஆசை: கல்யாணப் பத்திரிகை இந்த எழுத்தில்தான் வரவேண்டும். ஆனால் சீர் கொண்டுவரும் தாய்மாமன் தர்மன் தலையாட்டாமல் எதுவும் அச்சேறாது. அவரோ, "என்னா கண்ணு, புழு நெளியுது?" என்கிறார். சுகுணா விடுவாளா! "அண்ணா, மாமா பேரயும் இதுலயே போட்டுக் காட்டுங்க" என்கிறாள் அச்சகக்காரரிடம். திரையில் 'தர்மன்' வளைந்து குழைந்து வந்து நிற்கிறது. மாமா கண்ணாடியைத் துடைத்து மாட்டுகிறார், மீசையைத் தடவுகிறார், நாற்காலியை முன்னால் இழுக்கிறார். "வால மட்டும் சம்பந்தி பேர வுட கொஞ்சம் நீளமா இழுத்து வுடுங்க தம்பி."