புதன்கிழமை கல்யாணம்

"பாதிரியார் இன்னைக்கே மோதிரம் மாத்தி வைக்கிறேங்கிறார். நீ ஏன் புதன்கிழமைன்னு அடம்பிடிக்கிறே?"

சட்டசபைத் தேர்தலில் நிற்கும் டியூனிஸ், விதவை ஹெஸ்டரிடம் கெஞ்சினான்.

"செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு வேலை இருக்குய்யா."

"பழைய புருஷன் நெனப்பா?"

"அந்த மனுஷன் குறட்டையைத் தவிர எதுவும் நெனப்பில்ல. அட மக்கு! இங்கிலாந்து ராஜாவைத் துரத்திட்டு நம்ம நியூஜெர்சிக்காரங்க எழுதின சட்டத்துல, சொத்துள்ள விதவைக்கு ஓட்டு உண்டு. உன்னைக் கட்டிக்கிட்டா சொத்தும் உனக்கு, ஓட்டும் போச்சு."

டியூனிஸுக்கு முகமெல்லாம் பல்.

"எனக்காகக் கல்யாணத்தையே தள்ளி வச்சிருக்கா!" என்று பார்த்தவர்களுக்கெல்லாம் ரம் ஊற்றிச் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை தேர்தல் நடந்தது. ஒரே ஓட்டில் டியூனிஸ் தோற்றான்.

மறுநாள் தேவாலய வாசலில் பொருமினான். "ஒரே ஓட்டு, ஹெஸ்டர்! எந்தப் பாவி காலை வாரினதுன்னு தெரியலையே!"

ஹெஸ்டர் அவன் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தாள்.

"நான்தான்."

"நீயா!"

"பின்னே? சட்டசபைன்னு நீ மாசக்கணக்கா தலைநகர் ட்ரென்டன்ல போய் உக்காந்துட்டா, கல்யாணம் பண்ணியும் நான் விதவையாவா இருக்கணும்? உள்ளே வாய்யா, பாதிரியார் காத்திருக்கார்."