ஆறாவது குவளை

அன்று காலை சதுப்பு நிலத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: சுற்றுச்சூழல் ஆய்வாளர், சாலை ஒப்பந்தக்காரர், பூச்சிகளை ஆராயும் என் மகள், நான். மற்ற மூவரும் வரும் முன்பே நான் அங்கே நின்றிருந்தேன். நேரம் தவறுவது எங்கள் குடும்பத்தில் கிடையாது.

நாணல் ஓரத்து ஈரமண்ணில் ஓர் அரிய தரைவண்டு வாழ்கிறது, வேறெங்கும் அது இல்லை என்று மகள் அறிக்கை கொடுத்திருந்தாள். அதனால் சாலை வேலை நின்றது. அறிக்கையே பொய் என்று ஒப்பந்தக்காரர் புகார் செய்தார். இன்று வண்டு கிடைக்காவிட்டால் அவள் வேலையும் போகும், பேரும் போகும்.

முந்தைய நாள் மாலை ஆய்வாளர் தம் கையாலேயே ஆறு பிளாஸ்டிக் குவளைகளை விளிம்புவரை மண்ணில் புதைத்து, அடியில் கொஞ்சம் வினிகர் ஊற்றிவிட்டுப் போயிருந்தார். ஊர்ந்து வரும் பூச்சி தவறி உள்ளே விழும்.

முதல் மூன்றில் எறும்புகள். நான்காவதில் ஒரு சிலந்தி. ஐந்தாவதில் கறுப்பாக ஒன்று.

"வண்டுதானேம்மா இது?" என்றார் ஆய்வாளர்.

"வண்டுதான் சார். ஆனா வயல்ல திரியிற சாதாரண வகை. நாம தேடுறதுக்கு ஓரத்துல செம்பு நிறம் இருக்கும்."

"உங்க வண்டு லீவு போட்டிருக்கோ?" ஒப்பந்தக்காரர் சிரித்தார். "ஐயா, பொண்ணைக் கதை எழுதச் சொல்லுங்க. நல்லா வரும்."

"எங்க வீட்ல யாருக்கும் பொய் சொல்லிப் பழக்கமில்ல," என்றேன்.

ஆறாவது குவளை. செம்பு விளிம்பு வெயிலில் மின்னியது. ஒப்பந்தக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. ஆய்வாளர் பேனாவைத் திறந்தார்.

மகள் அதை உள்ளங்கையில் ஏந்தி லென்ஸால் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"எழுதாதீங்க சார்."

"ஏன், வகை தப்பா?"

"வகை சரி. வலது இறக்கையில ஊசித் துளை இருக்கு. இது ஊசி குத்திக் காயவெச்ச வண்டு. என் மாதிரிப் பெட்டியில இருந்தது."

"வசமா மாட்டிக்கிட்டாங்க சார்!" ஒப்பந்தக்காரர் கை தட்டினார்.

"நீங்களா போட்டீங்க?" ஆய்வாளர் மகளைக் கேட்டார்.

அவள் வண்டை ஆய்வாளர் கையில் வைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அறிக்கை தள்ளுபடி ஆயிற்று. தவளை தன் வாயால் கெட்டது என்று தெருவெல்லாம் பேச்சு. மறுநாள் காலை ஆய்வாளரின் மேஜைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றேன்.

"ஊர் பேசுறது தப்பு சார். போட்டது அவ இல்ல, நான்."