அடுத்த தெருப் பல்லி

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள் இப்போதெல்லாம் ஜாதகம் கேட்பதில்லை. சுவரில் பல்லியைத் தேடுகிறார்கள். சண்டை சச்சரவுள்ள வீட்டில் பல்லி தங்காதாம். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த சுகிர்தாவும் கூடத்துப் பல்லியைப் படமெடுத்து, பல்லிகளின் பூர்வீகம் சொல்லும் வலைத்தளத்தில் போட்டாள். அந்தப் பல்லி இதுவரை குடியிருந்த வீடுகளெல்லாம் வரிசையாக வந்தன.

"இது நேத்து வரைக்கும் அடுத்த தெருவுல இருந்திருக்கே?"

மாப்பிள்ளை பரிதி அசடு வழிந்தான். "எங்க வீட்ல பல்லியே கிடையாதுங்க. அம்மாவுக்குப் பயம். நான்தான் டிபன் டப்பாவுல புடிச்சுட்டு வந்தேன்."

சுகிர்தா வந்ததிலிருந்து அவன் அம்மா சோபாவில் காலைத் தூக்கி வைத்தே உட்கார்ந்திருந்தது ஏன் என்று இப்போதுதான் விளங்கியது. சுகிர்தா அவர் பக்கத்தில் போய்த் தானும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் பயம்தாங்க. மொதல்ல அதை அங்கயே விட்டுட்டு வாங்க. அதுக்குள்ள நானும் அத்தையும் தேதி பாத்து வைக்கிறோம்."