அவள் பங்கு நெய்ச்சோறு

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை மாடி அறையில் பகல் புழுக்கத்தோடு நாற்றமும் ஏறுகிறது. மீராசாவின் இறந்துபோன மனைவி நஃபீசாவின் பூனை பாயெங்கும் கழிந்துவிட்டுக் கிடக்கிறது. மஞ்சள் கழிசலில் நெய் மினுங்க, ஈக்கள் மொய்க்கின்றன. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஈக்களை விரட்டுகிறான். "என்ன கொடுத்தீங்க தம்பி?" என்கிறாள் பக்கத்து அறை ருக்கையா. "நேத்து அவளோட நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதின நெய்ச்சோறு, லாத்தா. அவளுக்குன்னு எடுத்து வச்ச பங்கு." "மௌத்தானவ பங்கைப் பூனை வயிறு தாங்குமா? இன்னிக்குச் சோறே காட்டாதீங்க. கொதிச்சு ஆறின தண்ணி மட்டும். நாளைக்கு வெறும் கஞ்சி." "பொழைக்குமா?" "தண்ணி உள்ள இறங்கினா பொழைக்கும்." அவன் மூச்சை அடக்கிக்கொண்டு, பூனையின் பிசுபிசுத்த தலையை மடியில் தூக்கி வைத்து, நனைத்த துணியை அதன் வாயில் பிழிகிறான். பூனை அவன் கைலியிலேயே மறுபடி கழிகிறது. சூடாக நனைகிறது. முகத்தைச் சுளிக்கிறான், கையை எடுக்கவில்லை. பூனையின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்குகிறது.