பச்சையானால்தான் கதவு

இசைக் கச்சேரியில் அரங்கமே அதிர்ந்தது. முழுதாக மகிழாத யாரையும் வெளியே விடுவதில்லை என்பது நிர்வாகத்தின் உத்தரவாதம். மணிக்கட்டுப் பட்டை பச்சையானால்தான் கதவு திறக்கும்.

மாசிலாமணியின் பட்டை சிவப்பிலேயே நின்றது. “வலி வந்துடுச்சு, ஆஸ்பத்திரிக்குப் போறேன். எங்கய்யா இருக்கே?” என்று நிறைமாதக் கர்ப்பிணியான மனைவி திலகா செய்தி அனுப்பியிருந்தாள். பட்டையைப் பச்சையாக்க அவர் எம்பி எம்பிக் குதித்தார். பட்டை இன்னும் சிவந்தது.

“இது இசையில்ல மாமா, தியானம். வாராவாரம் நான் கரைஞ்சே போயிடுறேன்” என்று காதருகே கத்தினான், அவரை இழுத்துவந்த மைத்துனன் நிரஞ்சன்.

மாசிலாமணி அவன் முழுக்கைச் சட்டையை விலக்கிப் பார்த்தார். செக்கச்செவேலென்று இருந்தது பட்டை.

“டேய், நீயுமா?”

“அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா. வாராவாரம் காலையில கூட்டிப் பெருக்க வர்றவங்களோடதான் வெளிய போறேன்.”

மாசிலாமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கதவு திறந்தது.