தூசி அக்கா பார்த்த வீடு

கூடத்தில் பிணம் எந்தப் பக்கம் தலை வைத்துக் கிடந்தால் பொருத்தமாக இருக்கும் என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கார அம்மாள் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தாள்.

“காலையில வெளிச்சம் இந்தப் பக்கம்தான் வரும்மா. உன் பையன் உக்காந்து படிக்க வசதியா இருக்கும்.”

அவளுக்குப் பையன் இல்லை. கணவனும் இல்லை. யாரையும் கொல்லும் எண்ணமும் இல்லை. தொலைக்காட்சியில் வரும் குற்றத் தொடர் ஒன்றுக்கு அரங்குகளை அமைப்பது அவள் வேலை. நேற்று வாங்கிய சாமான்மேல் பத்து வருடத் தூசியைப் படியவைத்துவிடுவாள் என்பதால் படப்பிடிப்பில் அவளுக்கு ‘தூசி அக்கா’ என்றே பெயர்.

அடுத்த கதையில், தனியாக வாழும் ஒரு பெண்மணி கொலை செய்யப்படுகிறாள். அந்த வீட்டைப் பார்த்தால் அரங்கு என்றே தோன்றக் கூடாது என்று இயக்குநர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு நிஜ வீட்டை அளந்து அப்படியே அரங்காகக் கட்டத்தான், ‘வீடு வாடகைக்கு’ என்ற போர்டைப் பார்த்ததும் இங்கே படியேறினாள். உண்மையைச் சொன்னால் யார் உள்ளே விடுவார்கள்? கணவர், பள்ளிக்கூடம் போகிற பையன், அடுத்த மாதம் மாற்றல் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அளந்துவிட்டாள்.

அம்மாள் ஓர் ஆஸ்பத்திரியில், வருகிறவர்களுக்கு வழி சொல்லும் விசாரணை மேஜையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டைக் கொடுத்துவிட்டு, வெளியூரில் இருக்கும் தங்கையோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னாள். ஒவ்வோர் அறையாகத் திறந்து காட்டினாள். அளவு நாடாவின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டாள். குழாயை எதுவரை திருகினால் சொட்டாது, எந்த அலமாரிக் கதவை லேசாகத் தூக்கி மூட வேண்டும் என்பதுவரை பொறுமையாக விளக்கினாள். வாடகைப் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. குடிவரப் போகாதவளுக்கு அதைக் கேட்கத் தோன்றவும் இல்லை.

கணவரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லி, கைபேசியில் மூலை முடுக்கெல்லாம் படம் எடுத்துக்கொண்டாள். அளவு சரிபார்க்க இன்னும் இரண்டு தடவை போனாள். கடைசித் தடவை, பையனுக்கு ஆகும் என்று பரணிலிருந்து ஒரு மேஜை விளக்கை இறக்கித் துடைத்து வைத்திருந்தாள் அம்மாள். அதற்குப் பிறகு இவள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

அரங்கு பிரமாதமாக வந்தது. துணி மாட்டும் கிளிப்பால் சேர்த்துப் பிடித்த ஜன்னல் திரை, ஸ்விட்ச்சைச் சுற்றி விரல் பட்டுக் கறுத்த சுவர், ஆடுகிற பீரோவுக்கு அடியில் மடித்துச் செருகிய காகிதம் என்று ஒன்றைக்கூட விடவில்லை. இயக்குநர் எல்லோர் முன்னாலும் அவள் கையைக் குலுக்கிப் பாராட்டினார்.

ஒளிபரப்பான அன்று தன் அக்காவோடு உட்கார்ந்து பார்த்தாள். கூடத்தில் பிணம் கிடந்தது. திரையில் வந்த பெண் போலீஸ் அதிகாரி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இந்த வீட்டுக்கு யாருமே வந்து போன மாதிரி தெரியலையே.”

நிஜ வீடு மாதிரியே இருக்கிறது என்று அக்கா மெச்சிக்கொண்டாள். இவளுக்குத் துடைத்து வைத்திருந்த அந்த மேஜை விளக்கு நினைவுக்கு வந்தது. அந்த அம்மாளும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால்? தன் வீட்டுக் கூடத்தில் தானே செத்துக் கிடப்பதுபோல அல்லவா இருக்கும்?

மறுநாள் காலை போய்க் கதவைத் தட்டினாள்.

“பாத்தேன்” என்றாள் அம்மாள், அவளை உள்ளே உட்காரவைத்து. “கிளிப்பைக்கூட விடல நீ.”

அவள் தலையைக் குனிந்தபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். கணவனும் பையனும் பொய் என்றாள், மாற்றலும் பொய் என்றாள். சொல்லச் சொல்ல, தான் செய்தது திருட்டைவிடக் கேவலமாக அவளுக்கே பட்டது.

“எனக்காக வீட்டை நிறுத்தி வச்சு, எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீங்களோ. அங்க உங்க தங்கச்சி வேற காத்துக்கிட்டு இருப்பாங்க. என்னை மன்னிச்சிடுங்கம்மா.”

திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி அவள் முகமும் தொங்கிப்போயிருந்தது.

“உனக்கு முன்னாடி வந்தவங்களை எல்லாம் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி அனுப்பிட்டேன்மா” என்றாள் மெதுவாக. “எனக்குத் தங்கச்சியும் இல்ல, போறதுக்கு வேற ஊரும் இல்ல.”

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமலே சொன்னாள்:

“யாராவது உள்ள வந்து பத்து நிமிஷம் பேசிட்டுப் போகட்டும்னு போர்டு மாட்டினேன். இது வாடகைக்கு விடற வீடே இல்ல.”